விகிதக் கணக்கில் விடை தப்புகிறதா? முதலில் அறிகுறியைச் சொல்லுங்கள்

விகிதம், விகிதசமம் வினாக்களில் மதிப்பெண் போகிறது என்று விடைத்தாளோடு வருகிறவர்களிடம் நான் சூத்திரம் கேட்பதில்லை. "விடை எப்படித் தப்பியது?" என்றுதான் கேட்பேன். தலைகீழாக வந்ததா, அறுபது மடங்காக வந்ததா, அரை மனிதனாக வந்ததா, அல்லது நான்கு விடைகளில் ஒன்றாகவே வந்தும் தவறாகப் போனதா? தப்பிய விதமே பழுது இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். ஒரு தாளில் பத்துப் பிழை இருந்தாலும் பெரும்பாலும் அவை ஒன்றிரண்டு பழுதுகளின் பிள்ளைகள்தான்.

இதை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். சில நொடிகளில் சரிபார்த்துவிடக்கூடிய காரணத்தை முதலிலும், வாரக்கணக்கில் பயிற்சி கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. தாளில் எந்த எண்ணையும் பெயரில்லாமல் நிற்கவிடாதீர்கள். 3 என்று எழுதாமல் "3 பங்கு ஆண்கள்" என்று எழுதுங்கள். 15 என்று எழுதாமல் "15 நாள்" என்று எழுதுங்கள். மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காணும் விதியைக் கி.பி. 499-இல் ஆரியபட்டர் சொன்னபோதே பிரமாணம் (தெரிந்த அளவு), பலம் (அதற்குரிய பலன்), இச்சை (நாம் கேட்கும் அளவு) என்று ஒவ்வோர் எண்ணையும் பெயர் சொல்லித்தான் அழைத்தார். பெயர் எழுதச் சோம்பல்பட்டு நாம் இழக்கும் மதிப்பெண், பெருக்கல் தெரியாமல் இழப்பதைவிட மிக அதிகம்.

## விடை நான்கில் ஒன்றாக இருந்தது, ஆனாலும் தவறு

அதிகம் வரும் புகார் இதுதான். கணக்குப் போட்டு வந்த எண் கொடுத்த விடைகளில் இருந்துவிட்டால், சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகிறோம். வினா அமைப்பவர் தவறான விடைகளைக் குருட்டாம்போக்கில் வைப்பதில்லை. நாம் எங்கெல்லாம் சறுக்குவோம் என்று யோசித்து, விழும் இடத்தில் எல்லாம் ஒரு விடையைப் போட்டு வைக்கிறார்.

ஒரு வினாவைக் கிட்டத்தில் பார்ப்போம். "40 பேர் கொண்ட குழுவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் 3 : 5. ஆண்களைவிடப் பெண்கள் எத்தனை பேர் அதிகம்?" கொடுத்த விடைகள் 10, 15, 24, 25.

நான்கும் யாரோ ஒருவருக்கு வரும் விடைகள். மொத்தம் 8 பங்கு, ஒரு பங்குக்கு 5 பேர், ஆகவே ஆண்கள் 15 என்று கண்டதும் நின்றுவிட்டவருக்கு 15. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துப் பெண்களைக் கண்டவருக்கு 25. "3 : 5 என்றால் 3/5" என்று 40-ஐ அதனால் பெருக்கியவருக்கு 24. வித்தியாசம் 2 பங்கு, அதாவது 10 பேர் என்றவருக்கு மட்டுமே மதிப்பெண். நீங்கள் தேர்ந்த தவறான விடை எது என்பதைப் பார்த்தாலே உங்கள் காரணம் கீழே உள்ளவற்றில் எது என்று தெரிந்துவிடும்.

### 15 அல்லது 25 வந்தால்: கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை

கணக்குச் சரி, கவனம் தப்பு. வினாவின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். படித்ததும் தாளின் அடியில் "அதிகப்படி பெண்கள் = ____ பேர்" என்று வெற்றிடத்தோடு எழுதி வையுங்கள். அந்த வெற்றிடத்தில் 15-ஐ எழுதக் கை கூசும். இந்த ஒரு பழக்கத்தால் மட்டுமே தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### 24 வந்தால்: பங்குக்குப் பங்கு, மொத்தத்துக்குப் பங்கு குழம்பியது

3 : 5 என்பதில் 3/5 என்பது பெண்களில் 3/5. மொத்தத்தில் அல்ல. மொத்தத்தில் ஆண்கள் 3/8. பின்னம் எழுதும்போதெல்லாம் "எதில்?" என்று உங்களையே கேட்டு, பின்னத்தின் பக்கத்தில் எழுதுங்கள்: "பெண்களில் 3/5", "மொத்தத்தில் 3/8". தமிழில் படித்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் இடறல் உண்டு. பின்னத்தின் கீழ் எண்ணைப் பகுதி என்கிறோம். முழுமையின் ஒரு துண்டையும் பகுதி என்கிறோம். அதனால்தான் இங்கே துண்டுக்குப் பங்கு என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

### விடை தலைகீழாக வந்தால்: வரிசை புரண்டது

"ஒவ்வொரு மூன்று பெண்களுக்கும் இரண்டு ஆண்கள் உள்ளனர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் என்ன?" முதலில் கண்ணில் பட்டது 3 என்பதால் 3 : 2 என்று எழுதிவிடுவோம். விடை 2 : 3. விகிதக் குறிக்கு மேலே "ஆ : பெ" என்று எழுதிவிட்டுப் பிறகு எண்களை இறக்கினால் இது நடக்காது.

சமன்பாடாகத் தரும்போது வரிசை இன்னும் நயமாகப் புரளும். 4அ = 5ஆ என்றால் அ : ஆ எவ்வளவு? 4 : 5 என்று எழுதியவர் எண்களைப் போட்டுப் பார்க்கட்டும்: 4 × 4 = 16, 5 × 5 = 25, சமமில்லை. விடை 5 : 4. மூன்று உறுப்புகள் வந்தால், அதாவது 3அ = 4ஆ = 6இ என்றால், மூன்றுக்கும் பொதுவான மடங்கு 12-ஐ எடுத்து ஒவ்வொன்றாலும் வகுத்துவிடுங்கள்: 4 : 3 : 2. திரும்பப் போட்டால் மூன்றும் 12.

### இவை எதுவும் இல்லையென்றால்

பழுது கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கலாம். வினாவைப் படித்துவிட்டுத் தாளை மூடி, எண்களைச் சொல்லாமல் அது என்ன கேட்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் உங்களுக்குக் கணித ஆசிரியரைவிட, தேர்வு நடக்கும் மொழியை உட்கார்ந்து படித்துக் காட்டும் ஒருவர்தான் தேவை.

## ஆட்கள் கூடினால் நாள்களும் கூடுகின்றன

12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையை 20 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்ற வினாவுக்கு 25 என்று விடை வருகிறது. இருபது பேர் சேர்ந்து வேலையைக் கெடுத்தாலொழிய அப்படி ஆகாது.

முதல் சோதனைக்குப் பேனாவே வேண்டாம். பெருக்கத் தொடங்கும் முன்பே விடை 15-ஐவிடக் கூடுமா குறையுமா என்று சொல்லிவிடுங்கள். சொன்னதைத் தாளில் ஒரு அம்புக்குறியாகப் போடுங்கள். ஆள் மேல்நோக்கி, நாள் கீழ்நோக்கி. அம்புகள் எதிரெதிராக இருந்தால் எதிர்மாறல்; பெருக்கற்பலன் மாறாது: 12 × 15 = 20 × 9. விடை 9 நாள். அம்புகள் ஒரே பக்கம் பார்த்தால் நேர்மாறல், ஈவு மாறாது.

பல்சக்கரக் கணக்கில் இந்த அம்பு குறிப்பாகத் தேவைப்படும். 24 பல் உள்ள சக்கரம் 36 பல் உள்ள சக்கரத்தைச் சுழற்றுகிறது. சிறியது நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் பெரியது? "பெரிய சக்கரம், பெரிய எண்" என்று மனம் 135-க்குப் போகும். ஆனால் பெரிய சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். 24 × 90 = 36 × 60. விடை 60.

இதைவிடக் கொஞ்சம் ஆழமான பழுது, மாறலே இல்லாத இடத்தில் மாறலைக் காண்பது. 5 துணிகள் வெயிலில் காய 2 மணி நேரம் ஆகிறது. 10 துணிகள் காய? பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அதே 2 மணி நேரம். தந்தைக்கு 40, மகனுக்கு 10. விகிதம் 4 : 1. இருபது ஆண்டு கழித்தும் 4 : 1 தானா? 60, 30, அதாவது 2 : 1. வயது கூட்டலால் வளர்கிறது, பெருக்கலால் அல்ல. வெப்பநிலையும் அப்படியே: 10 டிகிரி செல்சியஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட், 20 டிகிரி செல்சியஸ் 100 அல்ல, 68.

அட்டவணை கொடுத்து "இது நேர்மாறலா?" என்று கேட்கும் வினாக்களில் இதுவே பொறி. மேல் வரிசை 2, 4, 6. கீழ் வரிசை 5, 9, 13. சீராக நான்கு நான்காகக் கூடுவதைப் பார்த்ததும் ஆம் என்று சொல்லத் தோன்றும். வகுத்துப் பாருங்கள்: 5/2 என்பது 2.5, 9/4 என்பது 2.25. ஈவு மாறிவிட்டது, ஆகவே நேர்மாறல் இல்லை. மேலே சுழியம் வந்தால் கீழேயும் சுழியம் வருமா என்று கேட்பது இன்னும் விரைவான சோதனை.

அம்பு போட்டுப் பழகிய பிறகும் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் கை நின்றால், ஒரு வாரம் கணக்கே போடாமல் அம்பு மட்டும் போட்டுப் பழகுங்கள். முப்பது வினாக்களுக்கு அம்பு, விடை எதுவும் வேண்டாம். அதிலும் தவறினால்தான் ஆசிரியர்.

## விடை 60 மடங்கு, 100 மடங்கு, அல்லது விசித்திரமான மடங்கில் தள்ளி நிற்கிறது

உங்கள் விடையையும் சரியான விடையையும் எடுத்து, பெரியதைச் சிறியதால் வகுங்கள். வரும் எண்ணே குற்றவாளியின் பெயர்.

60 வந்தால் நிமிடமும் மணியும் கலந்துவிட்டன. 40 நிமிடத்துக்கும் 2 மணி நேரத்துக்கும் உள்ள விகிதம் 20 : 1 அல்ல, 40 : 120, அதாவது 1 : 3. 100, 1000 வந்தால் நீள அலகோ எடை அலகோ. 3.6 வந்தால் மணிக்குக் கிலோமீட்டரும் நொடிக்கு மீட்டரும் (மணிக்கு 36 கி.மீ. என்பது நொடிக்கு 10 மீட்டர், இதை ஒன்றை நினைவில் வைத்தால் போதும்). மடங்கு எதுவும் சுத்தமாக வராமல் விடை கொஞ்சம் மட்டும் பிசகினால், 1 மணி 45 நிமிடத்தை 1.45 என்று எழுதினீர்களா என்று பாருங்கள். அது 1.75.

அலகெல்லாம் சரி, ஆனால் வகுத்தால் வினாவில் உள்ள விகிதமே வருகிறது என்றால் நீளத்துக்கான விகிதத்தைப் பரப்புக்குப் போட்டிருக்கிறீர்கள். 1 : 50,000 அளவுள்ள வரைபடத்தில் 1 செ.மீ. என்பது அரை கிலோமீட்டர். அதில் 6 சதுர செ.மீ. பரப்புள்ள ஏரி 3 சதுர கி.மீ. அல்ல, ஒரு சதுர செ.மீ. என்பது 0.5 × 0.5 = 0.25 சதுர கி.மீ., ஆகவே 1.5. பக்கங்கள் 2 : 3 என்றால் பரப்புகள் 4 : 9, கன அளவுகள் 8 : 27. படம் வரைந்து கட்டம் போட்டுப் பார்த்தால் ஒருமுறையிலேயே மனத்தில் நிற்கும்.

இந்த அறிகுறிக்காக யாரிடமும் போக வேண்டியதில்லை. எண்ணோடு அலகை எழுதுங்கள், அவ்வளவுதான்.

## அரை மனிதன் வருகிறான்

50 பேரை 3 : 5 என்று பிரித்து மாணவர்கள் 18.75 பேர் என்று விடை வந்தால் அது தோல்வி இல்லை, எச்சரிக்கை மணி. 3 : 5 விகிதத்தில் ஆள்கள் இருந்தால் மொத்தம் 8-இன் மடங்காகத்தான் இருக்க முடியும், 50 பேரை அப்படிப் பிரிக்க முடியாது. எனவே 50 என்பது மொத்தம் இல்லை, வேறெதுவோ. வினாவுக்குத் திரும்புங்கள். (லிட்டரிலும் கிலோகிராமிலும் பின்னம் வந்தால் பதற வேண்டாம், அவை தாராளமாகப் பின்னமாகும்.)

இதே மணியை ஆயுதமாகவும் பயன்படுத்தலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் 7 : 4 என்று சொல்லி ஆண்களின் எண்ணிக்கைக்கு 36, 42, 45, 52 என்று விடைகள் தந்தால், 7-இன் மடங்கு 42 மட்டும்தான். மீதி வினாவைப் படிக்காமலே முடிந்துவிட்டது.

## இரண்டு விகிதங்கள் இணைய மறுக்கின்றன

அ : ஆ = 2 : 3, ஆ : இ = 4 : 5. இதை 2 : 3 : 5 என்று எழுதினீர்களானால் நடுவில் உள்ள ஆ ஒரே நேரத்தில் 3 பங்காகவும் 4 பங்காகவும் இருப்பதை விட்டுவிட்டீர்கள். ஆ-வை இரண்டிலும் 12 ஆக்குங்கள்: 8 : 12, 12 : 15. இணைத்தால் 8 : 12 : 15. இணைத்தபின் இரண்டு இரண்டாகச் சுருக்கிப் பழைய விகிதங்கள் வருகின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள்.

1/2 : 1/3 : 1/4 என்று பின்னங்களில் தந்தால் சிலர் 2 : 3 : 4 என்று கீழ் எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் பாதி வாங்கியவனுக்குக் குறைந்த பங்கு! 12-ஆல் பெருக்குங்கள்: 6 : 4 : 3.

## சேர்த்த பிறகு, எடுத்த பிறகு விகிதம் மாறும் கணக்குகளில் மட்டும் விழுகிறேன்

இந்த அறிகுறிக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றிலும் தேறியவர்களும் இங்கே விழுவதைப் பார்க்கிறேன்.

"இரண்டு எண்களின் விகிதம் 5 : 3. ஒவ்வொன்றுடனும் 6 சேர்த்தால் விகிதம் 3 : 2 ஆகிறது. எண்கள் எவை?" பழுதான முயற்சி இப்படி இருக்கும்: 5 + 6 = 11, 3 + 6 = 9, விகிதம் 11 : 9, "வினாவே தப்பு". வினா தப்பில்லை. 5 என்பது எண்ணே இல்லை, 5 பங்கு. பங்கோடு பொருளைக் கூட்ட முடியாது. ஐந்து பெட்டியோடு ஆறு புத்தகத்தைக் கூட்டிப் பதினொன்று என்பது போன்றது அது. பெயர் எழுதியிருந்தால், "5 பங்கு + 6" என்று எழுதிய உடனேயே கை நின்றிருக்கும்.

சமன்பாடு போட்டுத் தீர்க்கலாம்: ஒரு பங்கை ப என்று வைத்தால், (5ப + 6) × 2 = (3ப + 6) × 3; ப = 6; எண்கள் 30, 18. சேர்த்த பிறகு 36, 24. அது 3 : 2. சரி. ஆனால் தேர்வில் நான் சமன்பாட்டுக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: இந்தக் கதையில் எது மாறவில்லை? அதற்கு மூன்றே பதில்கள்தான் பெரும்பாலும் வரும். உங்கள் வினா எந்தக் கிளை என்று பாருங்கள்.

### இரண்டோடும் ஒரே அளவு சேர்ந்தால் அல்லது குறைந்தால்: வித்தியாசம் மாறாது

மேலே உள்ள கணக்கு இந்த வகை. 5 : 3-இல் வித்தியாசம் 2 பங்கு, 3 : 2-இல் 1 பங்கு. இரண்டாவதை 6 : 4 என்று எழுதினால் இரண்டிலும் வித்தியாசம் 2. இப்போது 5 பங்கு 6 பங்காக ஆகியிருக்கிறது. கூடிய ஒரு பங்குதான் சேர்த்த 6. முடிந்தது: 30, 18. வயதுக் கணக்குகள் எல்லாம் இந்தக் கிளைதான், ஏனென்றால் இருவருக்கும் ஆண்டு ஒன்றாகவே கூடுகிறது.

### ஒன்று மட்டும் மாறினால்: மற்றது மாறாது

30 லிட்டர் கரைசலில் அமிலமும் நீரும் 7 : 3. விகிதம் 3 : 2 ஆக எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும்? அமிலம் 21 லிட்டர். அதை யாரும் தொடவில்லை. புதிய விகிதத்தில் அந்த 21 லிட்டர்தான் 3 பங்கு, ஆகவே ஒரு பங்கு 7, நீர் 14. ஏற்கெனவே 9 லிட்டர் இருக்கிறது. சேர்க்க வேண்டியது 5. இங்கே தவறுபவர்கள் 30-ஐயே புதிய விகிதத்திலும் பிரித்து 18, 12 என்று வைத்து 3 லிட்டர் என்கிறார்கள். நீர் ஊற்றிய பிறகும் மொத்தம் 30-ஆகவே இருக்கும் என்று நினைத்ததுதான் பழுது.

### ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் வைத்தால்: மொத்தம் மாறாது

இருவரிடம் உள்ள தபால்தலைகள் 7 : 5. முதலாமவர் 6 தபால்தலைகளை மற்றவருக்குக் கொடுத்ததும் இருவரும் சமம். மொத்தம் 12 பங்கு. சமமானால் 6 : 6. ஏழு பங்கு ஆறாகக் குறைந்த அந்த ஒரு பங்கே 6 தபால்தலைகள். 42, 30. கொடுத்த பிறகு 36, 36.

### மூன்று கிளையிலும் சேராமல், எடுத்து எடுத்து ஊற்றினால்

20 லிட்டர் அமிலத்திலிருந்து 5 லிட்டர் எடுத்துவிட்டு 5 லிட்டர் நீர் ஊற்றுகிறோம். மறுபடியும் அப்படியே. மீதமுள்ள அமிலம்? 10 என்று வந்தால், இரண்டாம் முறை எடுத்த 5 லிட்டரும் முழு அமிலம் என்று நினைத்துவிட்டீர்கள். அதில் நீரும் கலந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இருப்பதில் முக்கால் பங்கு தங்குகிறது: 20 → 15 → 11.25 லிட்டர்.

இந்தப் பிரிவில் மூன்று கிளைக்கும் பத்துப் பத்துக் கணக்கு போட்ட பிறகும் எந்தக் கிளை என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் தனியே முட்டிக்கொள்ளாதீர்கள். ஆசிரியரிடம் அரை மணி நேரம் உட்காருவது வாரக்கணக்கில் மிச்சப்படுத்தும்.

## இயந்திரம், மணி, நாள், வேலை என்று நான்கும் ஒன்றாக வந்தால் திணறுகிறேன்

கலப்பு மாறலில் எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். மனப்பாடத்தை விட்டுவிடுங்கள். ஓர் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்கிறது என்று காணுங்கள். அதற்குப் பிறகு எதுவும் கடினமில்லை.

6 இயந்திரங்கள், நாளுக்கு 8 மணி நேரம், 10 நாளில் 960 பாகங்கள். 5 இயந்திரங்கள் நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 900 பாகங்களுக்கு எத்தனை நாள்? 6 × 8 × 10 = 480 இயந்திர மணியில் 960, அதாவது மணிக்கு 2. இப்போது நாளுக்கு 5 × 6 × 2 = 60 பாகங்கள். 900-க்கு 15 நாள்.

மனிதர் முடிவெடுக்கும் விதத்தை ஆராயும் ஷேன் ஃப்ரெடரிக் 2005-இல் வெளியிட்ட மூன்றே வினாக்கள் கொண்ட சிறு சோதனையில் இதன் சகோதரன் இருக்கிறது: 5 இயந்திரங்கள் 5 நிமிடத்தில் 5 பொருள்கள் செய்கின்றன, 100 இயந்திரங்கள் 100 பொருள்கள் செய்ய எவ்வளவு நேரம்? 100 என்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஓர் இயந்திரம் ஒரு பொருளுக்கு 5 நிமிடம் எடுக்கிறது. ஆகவே விடை 5 நிமிடம். உங்கள் நாக்கிலும் 100 வந்ததா? வெட்கப்பட ஒன்றுமில்லை, வினாவே அதற்காகத்தான் அமைக்கப்பட்டது.

## விடை சற்றே தள்ளி நிற்கிறது: 48-க்குப் பதில் 50

போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 40. சராசரி வேகம் 50 என்றால் இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓடியதாக நினைத்தீர்கள். மெதுவாக வந்த நேரம் அதிகம். வசதியான ஒரு தூரம் வைத்துப் பாருங்கள்: 120 கி.மீ. போக 2 மணி, வர 3 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48.

இரண்டு விகிதங்களை நேரடியாகக் கூட்டுவதும் இதே பழுதுதான். ஒரு குழுவில் ஆண்களும் பெண்களும் 1 : 2, அதே எண்ணிக்கையுள்ள இன்னொரு குழுவில் 3 : 1. சேர்த்தால் 4 : 3 என்று எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு குழுவிலும் 12 பேர் என்று வைத்தால் 4, 8, 9, 3. சேர்த்தால் 13 : 11. குழுக்களின் அளவு சொல்லப்படாவிட்டால் விடையே இல்லை. ஜி.ஆர்.ஈ. தேர்வின் (அமெரிக்கா போன்ற நாடுகளில் முதுநிலைப் படிப்பில் சேர எழுதுவது) ஒப்பீட்டு வினாக்களில் "தந்த தகவலைக் கொண்டு முடிவுசெய்ய முடியாது" என்ற நான்காவது விடை காத்திருப்பது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

சதவீதமும் இங்கேயே சேர்த்தி. 3 : 2 என்றால் முதலாவது இரண்டாவதைவிட 50 சதவீதம் அதிகம், இரண்டாவது முதலாவதைவிட 50 அல்ல, மூன்றில் ஒரு பங்கு குறைவு. "எதைவிட?" என்ற கேள்விக்கு வரும் பதில்தான் கீழ் எண்.

## வீட்டில் எல்லாம் சரி. தேர்வில் நேரம் போதவில்லை

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் டிஜிட்டல் எஸ்.ஏ.டி. தேர்வின் கணிதப் பிரிவில் 70 நிமிடத்துக்கு 44 வினாக்கள், சராசரியாக ஒன்றுக்கு 95 நொடி. ஜி.ஆர்.ஈ. தேர்வில் 47 நிமிடத்துக்கு 27, ஒன்றுக்கு 104 நொடி. இரண்டிலும் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு என்பதால், நேரம் பெருக்கலில் போகிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது, சுருக்காமல் பெருக்குகிறீர்களா என்பது. 84 : 63 = ? : 45 என்றதும் குறுக்குப் பெருக்கலில் 84 × 45 = 3780 என்று இறங்கி, 63-ஆல் வகுத்து 60 காண்பவர் வேலையை மும்மடங்காக்கிக்கொள்கிறார். 84 : 63 என்பது 4 : 3. 45-இல் மூன்றில் ஒரு பங்கு 15; நான்கு மடங்கு 60. மனத்திலேயே முடிகிறது. அடுத்து, பங்கு முறையில் இரண்டு வரியில் முடிவதற்குச் சமன்பாடு அமைக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றாவதாக, மேலே 42-ஐப் பிடித்தது போல விடைகளைப் பார்த்துக் கழிக்கும் பழக்கம் இருக்கிறதா?

இவை மூன்றும் இருந்தும் நேரம் போகிறது என்றால், ஒரே வினாவில் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் "எது மாறவில்லை" என்று கூடப் பிடிபடவில்லை என்றால் குறி வைத்துவிட்டு நகருங்கள். எனக்கே இது கைவர நெடுங்காலம் ஆயிற்று.

## எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் மேலே உள்ள அறிகுறிகளில் எது என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். அறிகுறி மாறி மாறி வந்தால் நீங்களே சரிசெய்துவிடலாம், அது கவனக்குறைவுதான். ஒரே அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால் ஆசிரியரிடம் போங்கள்.

இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாத நிலை ஒன்று உண்டு. 3/7, 4/9 இரண்டில் எது பெரியது என்று யாரையாவது உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். (4/9, பொதுப் பகுதியில் 27/63, 28/63.) 0.4, 2/5, 40 சதவீதம் மூன்றும் ஒன்றா என்று கேட்கச் சொல்லுங்கள். இதில் தயங்கினால் பழுது விகிதத்தில் இல்லை, அடியில் உள்ள பின்னத்தில். அதன்மேல் எத்தனை விகிதக் கணக்கு போட்டாலும் நிற்காது. பின்னத்தை முதலிலிருந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும், சில வாரங்கள் ஆகும்.

போகும்போது பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் கணக்குப் போட்ட தாளை, அடித்தது, கிறுக்கியது, பாதியில் விட்டது எல்லாவற்றோடும் அப்படியே கொண்டுபோங்கள். அழகாகப் படியெடுத்த தாளில் பிழை தெரியாது; படியெடுக்கும்போதே உங்களை அறியாமல் அதைத் திருத்திவிட்டிருப்பீர்கள்.